கார்லோ அகுதிஸும் இரத்தப் புற்றுநோயின் முதல் நாட்களும்

எங்கள் இரத்தநோய்ப் பிரிவில் கட்டிலை ஒட்டிய சிறு மேசைகளின் மீது பலவகைப் படங்களைக் காண்கிறோம். பழனி முருகன் இருப்பார், வேளாங்கண்ணி மாதா இருப்பார், நாகூர் தர்காவின் படம் இருக்கும். அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு படமும் சேர்ந்திருக்கிறது. சிவப்புச் சட்டை அணிந்து, தோளில் பையுடன், மலைப்பாங்கான ஓர் இடத்தில் நின்று புன்னகைக்கும் இளைஞனின் படம் அது. கத்தோலிக்கக் குடும்பங்கள் அவரைப் புனிதர் கார்லோ அகுதிஸ் என்று வணங்குகின்றன. அவர் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர் என்பதனால் எங்கள் பிரிவுக்கு அவர் கூடுதலாக நெருங்கியவராகிவிட்டார்.

அந்தப் படத்தைக் கையில் வைத்திருந்த ஒரு தாய் ஒருநாள் காலைச் சுற்றின்போது எங்களிடம் கேட்டார்: "டாக்டர், அந்தப் பிள்ளை இத்தாலியில், வசதியான வீட்டில் பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கேயே காப்பாற்ற முடியவில்லை என்றால், என் மகனை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?"

அவருடைய மகனுக்கும் அதே நோய்தான். அன்று எங்களால் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் சொல்ல இயலவில்லை. அடுத்த கட்டிலுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு உரிய விடையை இங்கே சற்று விரிவாக எழுத முயல்கிறோம். அந்த மகனைப் பற்றி மேற்கொண்டு எழுதுவது முறையன்று. கார்லோவைப் பற்றி எழுதலாம். அவருடைய வாழ்வும் நோயும் உலகறிந்தவை.

கார்லோ 1991 மே 3 அன்று இலண்டனில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்து, மிலான் நகரில் வளர்ந்தார். கணினியில் நாட்டம் மிகுந்தவர். உலகின் பல இடங்களில் நிகழ்ந்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். அத்தொகுப்பு பின்னர்க் கண்காட்சியாகப் பல நாடுகளுக்கும் சென்றது. மற்றபடி நண்பர்கள், காற்பந்து, கணினி விளையாட்டு, வளர்ப்பு விலங்குகள் என்று அந்த வயதுப் பிள்ளைகளைப் போலவே வாழ்ந்தவர். 2006 அக்டோபர் தொடக்கத்தில் அவருக்கு உடல்நலம் குன்றியது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றே கருதப்பட்டது. சில நாட்களில் உடல் மிகத் தளர்ந்துபோக, மருத்துவமனையில் சேர்த்தார்கள். மோன்சா நகரின் சான் ஜெரார்தோ மருத்துவமனையில் அக்டோபர் 12 அன்று, மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவினால் அவர் இறந்தார். வயது 15. நோய் இன்னதென்று தெரிந்ததற்கும் மரணத்திற்கும் இடையே விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களே இருந்தன. 2020 அக்டோபர் 10 அன்று அவர் அருளாளராகவும், 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

புற்றுநோய் என்றால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போராடுவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அப்படியிருக்க, ஒரு வாரத்திற்கு முன்புவரை பள்ளிக்குச் சென்றுவந்த பிள்ளை எப்படி இறக்க முடியும்?

கார்லோவுக்கு வந்த நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. எங்கள் நோயாளிகள் பலர் கோப்பில் 'ஏ.பி.எல்.' அல்லது 'எம் 3' என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கொண்ட நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கு இந்த வகை காணப்படுகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் 1957-இல் மூன்று நோயாளிகளை முன்வைத்து இதனைத் தனி நோயாக விவரித்தார். மிக விரைவாகக் கொல்லுவது, கடுமையான இரத்தக்கசிவு உண்டாக்குவது என்னும் இரண்டையும் அவர் அன்றே குறித்துவிட்டார்.

எலும்பு மச்சை ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். இரத்த வெள்ளையணுக்கள் அங்கே வகுப்பு வகுப்பாக வளர்ந்து, தேர்ச்சி பெற்று, இரத்தத்தில் இறங்கி வேலை செய்கின்றன. புரோமைலோசைட் என்பது நடுவகுப்பு மாணவன். 15-ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டும் தற்செயலாக இடம்மாறிவிட்டால், அந்த அணுக்கள் மேல்வகுப்புக்குச் செல்லாமல் அதே வகுப்பில் நின்றுவிடுகின்றன; எண்ணிக்கையில் மட்டும் பெருகிப் பள்ளியையே அடைத்துக்கொள்கின்றன. அதனால் சிவப்பணுக்களுக்கும் பிளேட்லெட்டுகளுக்கும் இடமில்லாமற் போகிறது. இவ்வளவும் மற்ற இரத்தப் புற்றுநோய்களிலும் ஓரளவு நிகழ்வதே.

இந்த நோயைத் தனித்துக் காட்டுவது வேறொன்று. நின்றுபோன இந்த அணுக்களுக்குள் இருக்கும் பொருட்கள் இரத்தத்தில் கசிந்து, உறையவேண்டாத இடத்திலெல்லாம் இரத்தத்தை நுண்ணிய கட்டிகளாக உறையவைக்கின்றன. உடனே அவற்றைக் கரைக்கும் வேலையும் அளவுமீறித் தூண்டப்படுகிறது. உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்கள் இவ்வாறு வீணாகத் தீர்ந்துபோகின்றன. வெள்ளம் வரும் நாளில் கரையை அடைக்க மணல்மூட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது போன்ற நிலை. பிளேட்லெட்டும் குறைவு, ஃபைப்ரினோஜனும் குறைவு. ஈறில் தொடங்கும் கசிவு மூளையில் நிகழ்ந்துவிட்டால், மிகச் சிறந்த மருத்துவமனையும் பலமுறை தோற்றுப்போகிறது. கார்லோவின் குடும்பம் கொண்டுசென்ற மருத்துவமனை குழந்தைகளின் இரத்தநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. இத்தாலியோ இந்நோயின் ஆராய்ச்சியில் முன்வரிசையில் நிற்கும் நாடு. இந்த நோய்க்கான சரியான மருந்து 2006-இல் உலகில் இருந்தது. ஆனால் அந்த மருந்து வேலை செய்யச் சில நாட்கள் வேண்டும். அந்தச் சில நாட்களைத்தான் நோய் சிலருக்குத் தருவதில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு விடையின் முதற்பாதி இது. மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அச்சத்தை மட்டுமே தரும். முதல் மூன்று நான்கு வாரங்களைக் கடந்துவிட்டால், பெரியவர்களுக்கு வரும் தீவிர இரத்தப் புற்றுநோய்களிலேயே மிக எளிதில் முற்றிலும் குணமாவது இந்த வகைதான்.

அதற்குக் காரணமான மருந்துகள் வந்த வழி சுவையானது. ஷாங்காய் நகரின் மருத்துவர் வாங் ஜென்யி, வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான 'ஏட்ரா' என்னும் மருந்தை 1980-களின் நடுவில் இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 24 நோயாளிகளிடம் கண்ட பலனை 1988-இல் வெளியிட்டார். அதுவரை புற்றணுவைக் கொல்வது ஒன்றே வழி என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இந்த மருந்து கொல்லவில்லை. நின்றுபோன மாணவனை மேல்வகுப்புக்கு அனுப்பியது. அணுக்கள் முதிர்ந்து, தம் வாழ்நாள் முடிந்து, இயல்பாக மறைந்தன. இரண்டாவது மருந்து சீனாவின் ஹார்பின் நகரிலிருந்து வந்தது. அது ஆர்செனிக் ட்ரையாக்சைடு. நம் சித்த மருத்துவ நூல்கள் பாஷாணம் என்று குறிப்பிடும் நஞ்சுகளின் இனத்தைச் சேர்ந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் பாஷாணம் கலந்த பொடிகளைத் தேடிச் செல்ல வேண்டாம். நாங்கள் கொடுப்பது தூய்மை செய்யப்பட்டு, எடைக்கேற்ப அளந்து, இதயத் துடிப்பின் வரைபடத்தையும் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளையும் கண்காணித்தபடி நரம்பின் வழியே செலுத்தப்படுவது. அளவு தவறினால் அது நஞ்சுதான்.)

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், விலை மிகுந்த கீமோ மருந்துகளைத் தாங்க இயலாத நோயாளிகளை மனத்திற்கொண்டு, ஆர்செனிக்கை மட்டுமே முதன்மை மருந்தாக வைத்து 1998 முதல் சிகிச்சை அளித்து வந்தார்கள். 72 நோயாளிகளின் விவரங்களை அவர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு நோய் முற்றிலும் அடங்கியிருந்தது. கார்லோ இறந்த அதே ஆண்டு அது. 2013-இல் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் கூட்டாக நடத்திய ஆய்வில், வெள்ளையணு எண்ணிக்கை மிக உயராத நோயாளிகளுக்கு ஏட்ராவையும் ஆர்செனிக்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 99 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள். ஏட்ராவுடன் கீமோ பெற்றவர்களில் அது 91 விழுக்காடு. இன்று எங்கள் பிரிவிலும் பெரும்பாலானோருக்கு அந்த இரு மருந்துகளே சிகிச்சை. எல்லாக் கட்டங்களும் முடிய ஏறத்தாழ எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும்.

இந்த எண்களைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது நாங்கள் ஒன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். 99 என்பது ஆய்வில் சேரும்வரை உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. வழியிலேயே, அல்லது சேர்ந்த அன்றே, இரத்தக்கசிவால் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. கார்லோவைப் போன்றவர்கள் எந்தப் பட்டியலிலும் சேராதவர்கள். ஆகவே, வாசலைக் கடந்து உள்ளே வந்தவர்களுக்கு நம்பிக்கை மிகப் பெரியது. அந்த வாசல்வரை எப்போது வருகிறோம் என்பதே பெரும்பாலும் மீதியைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தாமதம் நேரும் விதம் எங்களுக்கு நன்கு தெரியும். காய்ச்சல், சோர்வு, இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 20,000. மழைக்காலம் வேறு. வீட்டில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், டெங்கு என்று. பப்பாளி இலைச்சாறு கொடுத்துக்கொண்டு மூன்று நாட்கள் கழிந்துவிடும். பெரும்பாலும் அது டெங்குவாகவே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆயிரம் காய்ச்சல்களில் ஒன்றுகூட இரத்தப் புற்றுநோயாக இராது. ஆனால் வேறுபாடுகள் உண்டு. டெங்குவில் ஹீமோகுளோபின் பொதுவாகக் குறைவதில்லை. இரத்தம் தடித்து, அது சற்று உயர்ந்தே காணப்படும். பிளேட்லெட்டுடன் ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால் கேள்வி எழுப்ப வேண்டும். காய்ச்சல் விட்ட பின்னும் பிளேட்லெட் ஏறாமலிருந்தாலும், காயம் ஏதுமின்றித் தோலில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றினாலும், பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தாலும், மாதவிலக்கு வழக்கத்தைவிட மிகுந்து நிற்காமற்போனாலும் அப்படியே. அப்போது மருத்துவரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: "இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டீர்களா?" பெரிஃபெரல் ஸ்மியர் என்னும் அந்தப் பரிசோதனைக்குச் செலவு மிகக் குறைவு. கருவி சொல்லும் எண்ணைவிட, பழகிய கண் காணும் அணு பலமுறை நோயை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

இத்தகைய அறிகுறிகள் இருக்கும்போது ஆஸ்பிரின், டைக்குளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் பல் பிடுங்குவதும் கூடாது. கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி இவற்றுள் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்நோய் என்று ஐயம் எழுந்த உடனேயே, மரபணுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், நாங்கள் ஏட்ரா மாத்திரைகளைத் தொடங்கிவிடுகிறோம். "இன்னும் உறுதியாகவில்லை என்கிறீர்கள், அதற்குள் மருந்தா?" என்று கேட்கும் உறவினர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நோய் வேறென்று தெரிந்தால் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடலாம். நோய் இதுவேயாக இருந்து இரண்டு நாள் தாமதித்தால் திரும்பப் பெற முடியாது. முதல் நாட்களில் பிளேட்லெட் 30,000 முதல் 50,000-க்குக் கீழே இறங்காமலும், ஃபைப்ரினோஜன் 100 முதல் 150 மில்லிகிராமுக்குக் குறையாமலும் பார்த்துக்கொள்ள நாளுக்கு இருமுறைகூட இரத்தம் எடுப்போம்; பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் கிரையோவும் ஏற்றிக்கொண்டேயிருப்போம். இரத்ததானம் செய்ய வரும் உறவினர்கள் ஒரே நாளில் எல்லோரும் வந்துவிடாமல், முறைவைத்து வந்தால் பெரிதும் உதவியாக இருக்கும். பிளேட்லெட்டை ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்துவைக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. மருந்து தொடங்கிய முதல் மூன்று வாரங்களில், அணுக்கள் ஒரேயடியாக முதிரும்போது காய்ச்சல், மூச்சுத்திணறல், கால்வீக்கம், திடீர் எடை கூடுதல் ஆகியவை தோன்றலாம். நோய் முற்றுகிறது என்று குடும்பம் அஞ்சும். மருந்தே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. இது மருந்து வேலை செய்வதன் பக்கவிளைவு. டெக்சாமெத்தசோன் ஊசியை உடனே கொடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். காலையில் செவிலியர் எடை பார்க்க வரும்போது நோயாளியை உறங்கட்டும் என்று திருப்பியனுப்பாதீர்கள். அந்த எடைதான் பலமுறை எங்களுக்கு முதல் செய்தி.

மேசைமீதுள்ள படத்துக்குத் திரும்புகிறோம். மருத்துவமனையில் கார்லோ நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தைப் பெற்றார். தம் துன்பத்தைத் திருத்தந்தைக்காகவும் திருச்சபைக்காகவும் ஒப்புக்கொடுப்பதாகச் சொன்னார் என்றும், வலிக்கிறதா என்று கேட்டபோது தம்மைவிட அதிகம் துன்புறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பதிலளித்தார் என்றும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். பதினைந்து வயதில் அந்த அமைதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. எங்கள் பிரிவில் அழுகிற, கோபிக்கிற, எவரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். "கார்லோவைப் பார், எவ்வளவு பொறுமையாக இருந்தார்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். படத்தை அவர்களே விரும்பி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

வழிபாட்டுக்கு நாங்கள் தடை சொல்வதில்லை. நற்கருணை வழங்க வரும் குருவோ, துஆ செய்ய வரும் பெரியவரோ, பிரசாதத்துடன் வரும் பாட்டியோ, கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்து, சளி காய்ச்சல் இல்லாமல் வந்தால் போதும். வெள்ளையணு மிகக் குறைந்திருக்கும் நாட்களில் தீர்த்தம், புனித நீர் எதுவாயினும் நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம்.

கடைசியாக, பிள்ளையை இழந்த குடும்பங்களுக்கு. எங்கள் பிரிவிலும் அந்த முதல் நாட்களைக் கடக்க இயலாமல் போனவர்கள் இருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து அவர்களின் தந்தையோ தமக்கையோ வெளிநோயாளர் பிரிவின் ஓரத்தில், எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: வெள்ளிக்கிழமையே வந்திருந்தால்? வேறு டாக்டரிடம் போயிருந்தால்? எங்கள் பரம்பரையில் ஏதேனும் குறையா, தம்பிக்கும் வருமா?

கடைசிக் கேள்விக்கு உறுதியாக விடை சொல்ல முடியும். இந்தக் குரோமோசோம் மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிறந்த பின்னர் ஓர் அணுவில் தற்செயலாக நிகழ்வது. உணவினாலோ கண்ணேறினாலோ கணினி முன்னே நெடுநேரம் அமர்ந்ததாலோ வந்ததும் அன்று. தம்பி தங்கையருக்கு இதற்காகப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. முதல் கேள்விக்கான விடை ஒவ்வொரு நோயாளிக்கும் வேறுபடும். சிலருக்கு வெள்ளிக்கிழமை வந்திருந்தாலும் அதே முடிவுதான் என்பதை அவர்களின் இரத்த அறிக்கைகளே காட்டும். சிலரிடம், ஒருவேளை மாறியிருக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை உங்கள் கண்முன் இருந்தது வெறும் காய்ச்சல், என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரு வாரக் காய்ச்சலில் பிள்ளையை இழந்த கார்லோவின் பெற்றோரும் அன்று கண்டது அதைத்தான்.

அந்தக் கேள்வியுடன் இருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைகளில் முன்பதிவு இல்லாமலே எங்களைச் சந்திக்கலாம்; கட்டணம் இல்லை. எத்தனை மாதங்கள் கடந்திருந்தாலும் பரவாயில்லை. பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள் வீட்டில் இருந்தால் எடுத்துவாருங்கள். நாள்வாரியாக அடுக்கிவைத்து ஒன்றாகப் பார்ப்போம்.